வீட்டு விரிசலுக்குச் செயற்கைக்கோள் சாட்சி சொல்லுமா?

கேள்வி: ராதாபுரம் பக்கம் எங்கள் ஊர். கல்குவாரியில் வெடி போட்டால் வீடே அதிருகிறது, சுவரெல்லாம் விரிசல். செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலம் நகர்ந்ததை நிரூபித்துத் தருகிறேன் என்று ஒருவர் 30,000 ரூபாய் கேட்கிறார். இலவச மென்பொருளே இருக்கிறதாமே, நாமே பார்க்கலாமா?

பதில்: முதலில் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அண்ணாச்சி.

சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் எடுக்கும் ரேடார் படங்கள் யாருக்கும் இலவசம். அவற்றை அலசும் ஸ்னாப், மின்ட்பை மென்பொருள்களுக்கும் காசில்லை. ஆனால் வெடி அதிர்வு சில நொடிகளில் வந்து போய்விடும். ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். தரை குலுங்கிவிட்டு இருந்த இடத்திலேயே நின்றால் படத்தில் ஒன்றும் தெரியாது. தவிர, படத்தின் ஒரு புள்ளி சுமார் 5க்கு 20 மீட்டர். உங்கள் வீடு, தொழுவம், பக்கத்து வீட்டுப் புளியமரம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

அந்த ஆசாமி காட்டப்போவது வானவில் நிறத்தில் ஒரு படம். இரண்டு தேதிப் படங்களைக் கோத்தால் அது வரும். ஒரு நிறச்சுற்று என்றால் ஏறக்குறைய 2.8 செ.மீ. நகர்வு என்பார். தேதிகளில் ஒன்று ஐப்பசி மழைக்காலம் என்றால் காற்றின் ஈரமே அப்படி நிறம் காட்டிவிடும். “எத்தனை தேதிப் படம் போட்டீர்கள்? அசையாத இடமென்று எதை வைத்தீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டே படம் என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். மென்பொருள் இலவசம், அவர் காசு வாங்குவது ரப்பர் முத்திரைக்கு.

ஒன்று மட்டும் விலக்கு. குவாரி விளிம்போ கழிவுக்கல் மேடோ மாதக்கணக்கில் மெல்லச் சரிந்தால் இந்த முறை உதவும். அதற்கும் ஓராண்டுப் படங்களாவது வேண்டும். உங்கள் பக்கத்துப் பொட்டல் நிலமும் பாறையும் இதற்குத் தோது. அம்பாசமுத்திரத்து நெல்வயல் என்றால் பயிர் வளர வளரக் கணக்கு கலைந்துவிடும். அதிலும் ரேடார் பக்கவாட்டில் சாய்ந்து பார்ப்பதால், வடக்கு தெற்காகச் சரிவது அதன் கண்ணில் அனேகமாகப் படாது. செங்குத்தான குழிச்சுவரும் மறைந்துபோகும்.

உங்களுக்கு வேண்டியது அதிர்வுமானி. வெடி போடும்போது வீட்டு அடித்தளத்தருகே வைத்து, அதிர்வின் வேகம் நொடிக்கு எத்தனை மி.மீ. என்று அளப்பார்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை கூடாது என்று தமிழ்நாட்டு விதி இருக்கிறது. அதிர்வை அளக்கவும் தூரத்தைச் சரிபார்க்கவும் கேட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனுக் கொடுங்கள். மனு மேசை மேசையாக நடக்கும், ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். ரசீதைத் தொலைக்காமல் மறுபடி போய் நில்லுங்கள்.

அதற்குள் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். வெடி போடும் நேரத்தை ஒரு நோட்டில் தினமும் குறித்து வாருங்கள். கண்ணாடி உடைந்தால், அதே இடத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து மனுவோடு சேருங்கள்.