அணையில் படகு ஓட்டவும் சான்றிதழ் வேண்டுமா?

கேள்வி: தம்பி 60 குதிரைத்திறன் மோட்டார் படகு வாங்கியிருக்கிறான். ஹேசல்மியர் அணையில் பிள்ளைகளுக்கு வாட்டர் ஸ்கீயிங் (படகு கயிற்றால் இழுக்க, தண்ணீர்மேல் சறுக்கிப் போவது) பழக்க ஆசை. படகு விதிகள் எல்லாம் கடலுக்குத்தானே?
– வாசகி, வெருலம்

பதில்: இல்லை அம்மா. தென்னாப்பிரிக்காவில் 2007-ல் வந்த சிறு படகுப் பாதுகாப்பு விதிகள் அணை, ஏரி, ஆறு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். எஞ்சின் 15 குதிரைத்திறனைத் தாண்டினால் ஓட்டுபவருக்குத் திறன் சான்றிதழ் வேண்டும், படகுக்கும் தகுதிச் சான்று வேண்டும். அதைவிட நான் அழுத்திச் சொல்வது, தம்பி தனியாக இழுக்கவே கூடாது. சறுக்குகிற பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் படகில் வேண்டும், ஏனென்றால் முன்னால் பார்த்து ஓட்டுகிறவருக்குப் பின்னால் பிள்ளை விழுந்தது தெரியாது, விழுந்தவரின் தலை மட்டும்தான் தண்ணீருக்கு மேலே இருக்கும், அடுத்த படகுக்காரர் கண்ணில் அது படுவதும் கஷ்டம். லைஃப் ஜாக்கெட் நீச்சல் தெரிந்தவருக்கும் உண்டு. கில் ஸ்விட்ச் கயிறு தம்பியின் உடம்பில் மாட்டியே இருக்கட்டும், அவர் தவறி விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். பிள்ளையைப் படகில் ஏற்றும்போதும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அப்புறம், எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பது அணைக்கு அணை மாறலாம், நுழைவாயிலில் கேட்டுவிட்டே படகை இறக்கச் சொல்லுங்கள்.