டேட்டாபேஸ் மென்பொருளின் புதிய பதிப்பு அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறேன். வாசகங்களை எப்படிச் செதுக்குவது?

ஆபீஸில் ஆளாளுக்குத் திருத்தி, கடைசியில் யாருக்குமே பிடிக்காத ஒரு வரைவு உங்கள் கையில் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

முதலில் 'அதிவேகமான', 'மேம்பட்ட', 'நம்பகமான' எல்லாவற்றையும் அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். யார் கவனிக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும், செய்யாமல் விட்டால் என்ன ஆகும். இது மூன்றும் அதில் இல்லையென்றால் வாசகத்தைச் செதுக்கிப் புண்ணியமில்லை. அலங்காரம் கல்யாணப் பத்திரிகையில் இருக்கலாம். மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை போதும். பதிப்பு அறிவிப்பு மொய் நோட்டு வகை.

நான் காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே ஒரு பில்லிங் மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம், சம்பளம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. எங்கள் மென்பொருளுக்கு அடியில் ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். அதன் சிறு பதிப்புகள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று முறை வைத்து வரும். ஆனால் 14.4 அந்த முறைக்குள் அடங்காமல் 2022 ஜூன் 16 அன்று வந்தது. காரணம் 14-ல் இருந்த ஒரு பிழை. அட்டவணையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே 'ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி' (இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும் கட்டளை) அல்லது 'கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி' (புதிதாகக் கட்டும் கட்டளை) ஓட்டினால், இண்டெக்ஸில், அதாவது பதிவுகளைச் சட்டென்று தேடித் தரும் பட்டியலில், சில பதிவுகள் விட்டுப்போகலாம். எர்ரர் எதுவும் வராது. அட்டவணையில் தரவு அப்படியே இருக்கும், இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் மட்டும் அகப்படாது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் கல்லாவுக்கு முன் நிற்கிறார், எண்ணைத் தட்டினால் 'அப்படி ஒரு பில் இல்லை' என்கிறது திரை. கடைக்காரர் யாரை நம்புவார்?

எங்கள் மென்பொருள் அந்த ரீஇண்டெக்ஸை ராத்திரியில் தானாகவே ஓட்டும். அதனால் இது எங்கள் கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் போக வேண்டிய சேதி. மேலிடத்திலிருந்து வந்த வரைவு இப்படி ஆரம்பித்தது: 'மேம்பட்ட நிலைத்தன்மையுடன் கூடிய புதிய பதிப்பை வழங்குவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.' இண்டெக்ஸ் பற்றி மூன்றாவது பத்தியில் 'சில அரிதான சூழல்களில்' என்று ஒரு இழுவை. 14.4-க்கு மாறினால் மட்டும் போதாது, மாறிய பிறகு இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பது எங்குமே இல்லை. ஏற்கனவே கெட்டுப்போன இண்டெக்ஸ், புது மென்பொருளைப் போட்டதும் தானாகச் சரியாகிவிடாது.

நான் மாற்றி எழுதினேன்: 'உங்கள் சர்வரில் 14.0 முதல் 14.3 வரை எது இருந்தாலும் இது உங்களுக்குத்தான். 14.4-க்கு மாறிய பின் ரீஇண்டெக்ஸ் ஓட்டவும். ஓட்டாவிட்டால் சில பில்கள் தேடலில் வராமல் போகலாம். 13 அல்லது அதற்கு முந்தையது வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.' 'கஸ்டமரைப் பயமுறுத்தாதீர்கள்' என்று சொல்லி, பெருமகிழ்ச்சியையே அனுப்பினார்கள்.

மறுநாள் இங்கே கல்லுக்கட்டிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன் போன் போட்டார். "தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்கீக. இப்ப நான் என்ன செய்யணும்? அது எங்க போட்டிருக்கு?" அந்த ஒரு வரியைத்தான் மேலிடத்துக்கு அப்படியே அனுப்பினேன். சாயங்காலம் என் வரைவு போனது, 'அன்புள்ள வாடிக்கையாளருக்கு' என்பதை மட்டும் மேலே ஒட்டி. சரி, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எண்ணையும் விளக்கி எழுதுங்கள். போஸ்ட்கிரெஸில் 2017-ல் வந்த 10 முதல், முதல் எண்தான் பெரிய பதிப்பு. 14.3-லிருந்து 14.4 என்றால் நிறுத்தி, நிரலை மாற்றி, திரும்பத் தொடங்கினால் ஆயிற்று. 13-லிருந்து 14 என்றால் பிஜி அப்கிரேட் என்ற மாற்றும் கருவியோ, தரவை டம்ப்பாக வெளியே எடுத்துப் புதியதில் ஏற்றுவதோ தேவைப்படும், அதற்குக் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க வேண்டும். உங்கள் மென்பொருள் எந்த முறையில் எண் போடுகிறதோ தெரியாது. எதுவானாலும் 'எவ்வளவு நேரம் கடை நிற்கும்' என்பது முதல் பத்தியிலேயே வரட்டும்.

மார்க்கெட்டிங்காரர்களுக்கு நான் எதிரி இல்லை. புது வசதி வந்தால் தாராளமாகத் தம்பட்டம் அடிக்கட்டும், அதற்குத் தனி மடல் இருக்கிறது. அப்புறம், 'காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்கிறாயா' என்று ஒருவர் கீழே வருவார், தெரியும். உட்கார்ந்தும் வேலை பார்க்க முடிவதில்லை ஐயா. வீட்டில் இருப்பவனுக்கு வேலை இல்லை என்று சொந்தபந்தம் முடிவு கட்டிவிட்டது. சர்வர் மாற்றம் நடந்துகொண்டிருக்கும், அயித்தை வந்து நிற்பார்: "கம்ப்யூட்டர்லதானப்பா இருக்க, பல்லவன்ல நாளைக்கு ரெண்டு டிக்கெட் போட்டுக் குடு." தெருவில் பாதிப்பேரின் ஆதார் எண் என்னிடம் இருக்கிறது. சென்னையில் ஏசி அறையில் இருக்கும் என் தம்பியிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

உங்கள் வரைவின் முதல் நாலு வரியைக் கம்பெனி பெயரை அடித்துவிட்டுக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். காலை 11 மணி வாக்கில் மட்டும் வேண்டாம், தத்கால் நேரம்.