புழுக் கணக்கு எதற்கு?

கேள்வி: டெங்கு தடுப்பு ஆய்வுக்கு வீட்டுக்கு வரும் பணியாளர்கள் பறக்கும் கொசுவை விட்டுவிட்டுத் தொட்டியில் உள்ள கொசுப்புழுவை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்களே, அதனால் என்ன பயன்?
- வாசகி, திருப்பூர்

பதில்: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளின் மறைவிலும் ஒதுங்கிக்கொள்வதால், அதைத் தேடிப் பிடித்து எண்ணுவதைவிட, தண்ணீரை விட்டு வெளியேற முடியாத புழுவைக் கணக்கிடுவது எளிது. 100 வீடுகளைப் பார்த்ததில் 8 வீடுகளில், மொத்தம் 12 பாத்திரங்களில் புழு இருந்தால், வீட்டுக் குறியீடு 8 என்றும், 100 வீடுகளுக்கு எத்தனை புழுப் பாத்திரங்கள் என்பதைச் சொல்லும் பிரெட்டோ குறியீடு 12 என்றும் பதிவாகும். ஆனால் குடம் ஒன்றில் பத்துப் புழு நெளிந்தாலும் சிமெண்ட் தொட்டியில் ஆயிரம் நெளிந்தாலும் இக்கணக்கில் இரண்டும் ஒன்றுதான். இதை ஒரு பெரிய குறையாகவே நான் கருதுகிறேன். புழுக்களில் பல வளருமுன் மடிந்துவிடுவதால், ஓரிரு நாளில் கொசுவாகிப் பறக்கவிருக்கும், காற்புள்ளி போல் வளைந்த கூட்டுப்புழுக்களை எண்ணுவது உண்மை நிலைக்கு இன்னும் நெருக்கமானது. டார்ச் வெளிச்சம் பட்டதும் புழுக்கள் அடிக்கு இறங்கிவிடும். அவை மூச்சுக்காக மேலே வரும்வரை காத்திராமல் எழுதப்படும் சுழியத்தை நம்புவதற்கில்லை. தண்ணீர் தேங்கிப் புழு வளரக்கூடிய குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டையும் பணியாளர்களிடம் காட்டுங்கள்.