நம் குடும்பத்துக்கென்று விழுமியங்களைப் பேசி முடிவு செய்து, அதன்படி ஒரு குடும்பப் பண்பாட்டை உருவாக்க முடியுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

முடியும். நாங்கள் செய்திருக்கிறோம், எல்லாவற்றிலும் இல்லை, ஒரே ஒரு விஷயத்தில். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றபடி குழந்தை வளர்ப்புக் கேள்விகள் பக்கமே நான் வருவதில்லை, அங்கே எல்லாரும் எல்லாரையும் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் அதிகம் சொல்லவில்லை, நானாக ஊகிக்கிறேன். கல்யாணமாகிச் சில வருடம், ஒரு சின்னக் குழந்தை, இரண்டு பேரும் வேறு வேறு மாதிரி வீடுகளில் வளர்ந்தவர்கள், எங்கேயோ ஒரு பேச்சில் "உங்கள் குடும்பத்தின் ஐந்து விழுமியங்களை எழுதுங்கள்" என்று கேட்டுவிட்டு நேர்மை, அன்பு, மரியாதை, உழைப்பு, நன்றி என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருக்கிறீர்கள். ஊகம் தப்பென்றால் மன்னிக்கவும். ஆனால் இந்தப் பட்டியலை எந்தக் குடும்பம் வேண்டாம் என்று சொல்லும்? ஒருவரையொருவர் கடித்துக் குதறும் வீட்டில் போய்க் கேட்டாலும் இதே ஐந்துதான் வரும்.

எங்கள் வீட்டில் விஷயம் தொடங்கியது சண்டையில். நான் வளர்ந்த வீட்டில் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். சத்தமே இருக்காது. அப்பாவும் அம்மாவும் ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள், நான் நடுவில் நிற்பேன். "உங்கப்பா நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறார்னு கேளு" என்பார் அம்மா. அது அப்பாவின் காதில் விழுந்திருக்கும், இருந்தாலும் நான் திரும்பி அவரிடம் அதே கேள்வியை ஒருமுறை சொன்னால்தான் பதில் வரும். நாள் கணக்கில் இப்படி ஓடும். என் மனைவி வளர்ந்த வீடு நேர் எதிர். கத்துவார்கள், கதவு அடித்துச் சாத்தப்படும், அரை மணியில் அதே ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இப்படி இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரு வீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும்? அவள் கத்தினால் எல்லாமே முடிந்துவிட்டது என்று நான் நினைப்பேன். நான் வாயை மூடிக்கொண்டால் வெறுத்துவிட்டான் என்று அவள் நினைப்பாள். சண்டைக்கான காரணம் மறந்துபோய், சண்டை போடும் விதத்தைப் பற்றியே தனிச் சண்டை நடக்கும்.

மகள் பேசத் தொடங்கிய சமயத்தில்தான் இரண்டு பேருக்கும் பயம் வந்தது, இவள் எந்த வீட்டுப் பழக்கத்தை எடுத்துக்கொள்வாள் என்று. மனைவி "எதுவானாலும் உடனே பேசித் தீர்த்துவிட வேண்டும்" என்றாள். என்னால் முடியாது என்றேன். பிடிவாதத்தில் சொல்லவில்லை. தம்பதிகளைப் பல வருடம் ஆய்வு செய்த ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், திருமணத்தை அரிக்கும் நான்கு பழக்கங்களில் ஒன்றாக என்னைப் போல் பேச்சை நிறுத்திச் சுவர்போல் ஆகிவிடுவதைச் சொல்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார், கோபத்தில் இதயம் படபடத்து உடம்பு பொங்கி நிற்கும்போது பேச்சு உருப்படாது, அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடமாவது இடைவெளி வேண்டும் என்று. ஆக இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி.

கடைசியில் வந்த விதி இது: கோபப்படலாம், எழுந்தும் போகலாம், ஆனால் எப்போது திரும்பி வந்து பேசுவேன் என்று நேரம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். அவ்வளவுதான் எங்கள் குடும்பப் பண்பாடு. சுவரில் எதையும் ஒட்டவில்லை. மகளுக்கு நேரம் பார்க்கவே தெரியாத வயதில் ஒருநாள் ஏதோ பொம்மை விவகாரத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி கடிகாரத்தைக் காட்டி, "பெரிய முள்ளு ஆறுக்கு வந்தா பேசுறேன்" என்றாள். வந்ததும் பேசினாள். அவளுக்கு யாரும் உட்கார வைத்துப் பாடம் எடுக்கவில்லை, நாங்கள் செய்வதைப் பார்த்திருக்கிறாள்.

பாடம் எடுக்காததற்கும் காரணம் இருக்கிறது. 1970இல் பிரையன், வால்பெக் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குழந்தைகள் ஒரு விளையாட்டில் ஜெயித்ததில் கொஞ்சம் தர்மத்துக்குப் போடலாம். அவர்களுக்கு முன்னால் பெரியவர் ஒருவர் ஆடிக் காட்டுவார். சிலர் கொடுப்பது நல்லது என்று பேசிவிட்டுத் தானே வைத்துக்கொள்வார்கள், சிலர் கொடுக்க வேண்டியதில்லை என்று பேசிவிட்டுக் கொடுப்பார்கள். குழந்தைகள் எவ்வளவு போட்டார்கள் என்பது பெரியவர் செய்ததைப் பொறுத்து மாறியது, அவர் பேசியதைப் பொறுத்து மாறவில்லை. ஆனால் மற்ற குழந்தைக்கு அறிவுரை சொல்லச் சொன்னால், பெரியவர் என்ன பேசினாரோ அதைப் பேசினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் இதுதான். நாம் நேர்மையைப் பற்றிப் பேசிப் பேசி, நேர்மையைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்கிவிட முடியும்.

இதைச் சொல்லும்போது என் பழைய அலுவலகம் ஞாபகம் வருகிறது. வரவேற்பறைச் சுவர் முழுக்க பெரிய எழுத்தில் விழுமியங்கள், முதல் வரியே 'மனிதர்களே முதன்மை'. பிரசவ விடுப்பில் போய்த் திரும்பிய ஒரு பெண்ணுக்கு அந்த வருட மதிப்பீட்டில் கீழ்நிலை கொடுத்தார்கள், கேட்டால் "மற்றவர்கள் வருடம் முழுக்க வேலை செய்தார்களே" என்றார்கள். அவளுக்காகப் பேசப்போன எனக்கு 'குழுவோடு ஒத்துப்போவதில் முன்னேற்றம் தேவை' என்று எழுதினார்கள். சம்பள உயர்வும் போனது. இன்றைக்கும் யாராவது 'கோர் வேல்யூஸ்' என்று ஆரம்பித்தால் எனக்கு அந்தச் சுவர்தான் தெரிகிறது. சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, விடுங்கள்.

நான் சொல்ல வந்தது என் அம்மா விஷயம். அப்பா போனபின் அம்மா எங்களோடு இருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, மனைவி அம்மாவுடைய பழைய தகரப் பெட்டி ஒன்றை, காலிதானே, துருப்பிடித்திருக்கிறதே என்று கேட்காமல் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். மனைவி மன்னிப்புக் கேட்டும் பதில் இல்லை. பழையபடி தூது தொடங்கியது, இந்தத் தடவை நடுவில் என் மகள். "உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்கு விளக்கை அணைச்சுடச் சொல்லி." மகள் போகவில்லை. அங்கேயே நின்று, "பாட்டி, கோபமா இருந்தா இருங்க. எப்ப பேசுவீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. இங்க எல்லாரும் அப்படித்தான்" என்றாள். குரலில் அதட்டல் எதுவும் இல்லை, செருப்பை வெளியே விடச் சொல்வது போல்தான் சொன்னாள். அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "நாளைக்குச் சாயங்காலம்" என்றார்.

இது தெரிந்து என் அக்கா போனில் பொரிந்து தள்ளினாள், குழந்தையை ஏவிவிட்டுப் பெரியவங்களைக் கேள்வி கேட்க வைக்கிறாயா என்று. இதைப் படிக்கும் சிலருக்கும் அப்படித்தான் தோன்றும், பின்னூட்டத்தில் வந்து சொல்லவும் செய்வீர்கள். நான் ஏவவில்லை. வீட்டில் அப்பா அம்மாவுக்கும் பொருந்தும் விதி பாட்டிக்கு மட்டும் பொருந்தாது என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு விலக்கு உண்டென்றால், எப்போது பெரியவள் ஆவோம், இதிலிருந்து தப்பிப்போம் என்றுதான் பிள்ளை காத்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் அம்மா சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். பெட்டியைப் பற்றி இரண்டு வாக்கியம்தான். அது அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது, உள்ளே ஒன்றும் இல்லை, இருந்தாலும் கேட்டிருக்கலாம். அப்புறம் வேறு எங்கேயோ போனார். "நான் கல்யாணமாகி வந்த புதுசுல நான் பேசினா யாரும் காதுல வாங்கினதில்லை. பேசாம இருந்தாத்தான் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க." சின்ன வயதில் நான் வெறுத்த அந்த மௌனத்தை அவர் பக்கத்திலிருந்து நான் யோசித்ததே இல்லை. அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான். நேரம் சொல்லிவிட்டுப் போ என்ற விதி, திரும்பி வந்து பேசினால் கேட்க ஆள் இருக்கிறார்கள் என்று நம்புகிறவர்களுக்குத்தான் சுலபம். அன்றைக்கு விதியில் ஒரு பகுதி சேர்ந்தது: நேரம் சொன்னவர் வந்து பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, "அதுக்காக இல்ல" என்றுகூட. என் மனைவிக்கு இது பெரும்பாடு.

மகள் பாட்டியிடம் அந்தப் புதுசுக் காலத்தைப் பற்றி மேலும் மேலும் கேட்க ஆரம்பித்தாள். மார்ஷல் டியூக், ரோபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் அவரவர் குடும்பத்தைப் பற்றி 20 கேள்வி கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் என்கிற மாதிரி. நிறையத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் என்ற எண்ணமும் கூடுதலாக இருந்ததாம். அதற்காக விடைகளை மனப்பாடம் செய்ய வைத்துப் பயனில்லை என்று டியூக்கே சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து கதை பேசும் வழக்கம் வீட்டில் இருப்பதுதான் அங்கே வேலை செய்கிறது.

வாராந்திரக் குடும்பக் கூட்டம் நடத்தலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ருடால்ஃப் டிரைக்கர்ஸ் என்ற மனநல மருத்துவர் சொன்ன முறை, குழந்தைக்கும் சம உரிமை, தலைமை மாறி மாறி. சில வீடுகளில் நன்றாக நடக்கிறது. எங்களுக்கு அது அலுவலகம் மாதிரி இருந்தது, மகளே தூங்கிவிட்டாள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைத் திட்ட வேண்டாம். வீட்டில் ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுகிறார்கள், அடி விழுகிறது என்றால் இந்த எதுவும் பொருந்தாது. அங்கே தேவை பாதுகாப்பு, வெளி உதவி.

மற்றபடி, எழுதிய தாள் இருக்கட்டும். உங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சண்டை எது என்று இரண்டு பேரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதுங்கள். அப்புறம் மாற்றிப் படியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதற்கு ஒரு விதி போடுங்கள், யார் மீறினாலும் குழந்தையே சுட்டிக்காட்டக்கூடிய அளவுக்குச் சின்னதாக. வேறு வேறாக இருந்தால் உங்கள் துணை எழுதியதிலிருந்து தொடங்குங்கள், உங்களுடையது எப்படியும் உங்களுக்கு மறக்காது.