கேஸ் உணரி ஏன் மந்தமாக இருக்கிறது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): சமையல் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்க டின் (வெள்ளீயம்) ஆக்சைடு நானோதூளில் உணரி செய்துள்ளேன். டின் குளோரைடிலிருந்து எடுத்த தூளை 700 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் சுட்டேன். 1000 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு) கேஸ் பட்டாலும் மின்தடை பாதிதான் இறங்குகிறது. புழுக்கமான நாட்களில் அதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் தூளைச் சுடும் சூட்டைக் குறையுங்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் தூளின் மேல் ஒட்டி எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்வதால் தடை உயர்கிறது. கேஸ் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்ததும் எலெக்ட்ரான்கள் விடுபட, தடை இறங்குகிறது. இதெல்லாம் நடப்பது மேற்பரப்பிலிருந்து சுமார் 3 நானோமீட்டர் ஆழத்துக்குள்தான். எனவே படிகத்தின் குறுக்களவு 6 நானோமீட்டருக்குக் குறைந்தால் உணர்திறன் மளமளவென்று ஏறும். 700 டிகிரியில் படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும்.

500 டிகிரியில் 2 மணி நேரம் போதும். 400-க்குக் கீழே மட்டும் போகாதீர்கள். போனால், உணரி 300 முதல் 350 டிகிரியில் வேலை செய்யும்போது படிகம் மேலும் வளர்ந்து, சுத்தமான காற்றில் காட்டும் தடையே நாளுக்கு நாள் மாறும். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-ரே விளிம்பு விளைவுக் கருவி கிடைத்தால், தாமிரக் கதிரில் 26.6 டிகிரி கோணத்தின் அருகே வரைபடத்தில் வரும் உச்சியைப் பாருங்கள். அது அகலமாக இருந்தால் படிகம் சிறியது.

சுடுவதற்கு முன், டின் குளோரைடு கரைசலில் படிந்த வண்டலை நன்றாகக் கழுவ வேண்டும். கழுவிய நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் கலங்கக் கூடாது. தங்கிப்போன குளோரைடு உணர்திறனைக் கெடுக்கும்.

அடுத்தது, கேஸின் வினையை வேகப்படுத்தும் பல்லேடியம் என்ற உலோகம். 1 கிராம் தூளுக்கு 0.5 சதவீதம் சேர்க்க 8.3 மில்லிகிராம் பல்லேடியம் குளோரைடு வேண்டும். அது வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில சொட்டு விட்டுக் கரைத்து, தூளில் கலந்து, 110 டிகிரியில் உலர்த்தி, 500 டிகிரியில் 1 மணி நேரம் சுடுங்கள். அளவு கூடினால் பல்லேடியம் திரண்டு மேற்பரப்பை மூடிவிடும், பலன் குறையும்.

புழுக்கத்துக்கு வருவோம். நீராவி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் காற்றிலேயே தடை இறங்கிவிடுகிறது. கேஸ் வரும்போது இறங்க மிச்சம் குறைவு. டர்பன் கோடைக்கு, உலர்ந்த சிலிண்டர் காற்றில் எடுத்த அளவை நம்பவே கூடாது. ஈரப்பதம் 30 சதவீதத்திலும் 80 சதவீதத்திலும் தனித்தனியே அளந்து, அலாரத்தின் எல்லையை 80-இல் கிடைத்த அளவை வைத்து அமையுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், டர்பன்): கடையில் வாங்கிய எம்கியூ-6 என்ற சமையல் கேஸ் உணரி, பக்கத்தில் சிலிக்கோன் பசை பூசிய பிறகு மந்தமாகிவிட்டது. சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியாது. பசையின் ஆவி சூடான மேற்பரப்பில் சிலிக்காவாகப் படிந்துவிட்டது. புதிதாக வாங்குங்கள், பசை முழுதும் காய்ந்து வாடை போனபிறகே பொருத்துங்கள். பொருத்தியதும் 48 மணி நேரம் மின்சாரத்தில் விட்டு, அதன்பின் அளவைச் சரிபாருங்கள்.