இன்சுலின் குப்பியும் கத்தரி விதையும்

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்துக்கு மேற்கே எங்களுக்கு 2 ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம் இருக்கிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் இன்றுவரை சொந்த விதைதான். 2010இல் கல்லூரி மாணவனாக இருந்தபோது, மரபணு மாற்றிய கத்தரிக்காய்க்கு எதிராக மதுரையில் துண்டறிக்கை கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது என் அம்மாவுக்கு, 14 ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை கட்டுப்படாததால், இன்சுலின் போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அது மரபணு மாற்றிய கிருமியிலிருந்து எடுக்கப்படுவது என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அம்மா மறுக்கிறார். ஒருமுறை தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. கத்தரிக்காயில் வேண்டாம் என்றதை அம்மாவின் உடம்பில் ஏற்றச் சொல்வது முரண்பாடு இல்லையா? தோட்டத்து வீட்டில் ஃபிரிட்ஜும் கிடையாது.

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் உறவினர் சொன்ன தகவல் சரியானது; அதிலிருந்து அவர் எட்டிய முடிவுதான் தவறு. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் இன்சுலின் ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றிய பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ உருவாவதுதான். இட்லி மாவு புளிப்பதைப் போன்றதுதான் இதுவும் என்று சொல்லி உங்கள் அம்மாவைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. மாவில் நாம் எந்த மரபணுவையும் கொண்டுபோய் வைப்பதில்லை, இங்கே வைக்கிறோம். அந்த வேறுபாட்டை மறைக்காமலே இதைப் பேசிவிடலாம்.

என் பெரிய அத்தை 1980களில் மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தார். கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினை மாமா தினமும் அவருக்குப் போடுவார். அது எதிலிருந்து வருகிறது என்று தெரிந்த நாள் முதல் அந்தக் குப்பியைச் சாமி அறைப் பக்கம் கொண்டுபோக அத்தை விட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஊசி போட்ட பிறகு மறுபடியும் குளிப்பார். அவருடைய தொடையில் சதை கரைந்து குழி குழியாக இருந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். விலங்கு இன்சுலினையும் அதோடு கலந்து வந்த அசுத்தங்களையும் உடல் அந்நியமாக நினைத்து எதிர்த்ததால், அந்தக் காலத்தில் பலருக்கு இப்படிக் குழி விழுந்தது. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததிலிருந்து அறுபது ஆண்டுகளாக உலகம் முழுவதும் நிலைமை இதுதான். சுமார் 225 கிராம் இன்சுலினுக்கு 2 டன்னுக்கும் அதிகமான பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. ஆகவே, மரபணு மாற்றம் இல்லாத 'இயற்கை' இன்சுலின் என்று அம்மா மனத்தில் நினைத்திருப்பது உண்மையில் கசாப்புக் கூடத்திலிருந்து வந்தது என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மனித இன்சுலின் என்பது 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 கொண்ட இன்னொன்றும் இணைந்த சிறிய புரதம். பன்றியின் இன்சுலின் இதிலிருந்து ஓர் இடத்திலும், மாட்டினுடையது மூன்று இடங்களிலும் வேறுபடும். 1978இல் கலிபோர்னியாவில் ஜெனன்டெக் நிறுவனத்தாரும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மையத்தாரும் இந்த இரண்டு சங்கிலிகளுக்குமான மரபணுக்களை ஆய்வகத்தில் வேதிமுறையில் கோத்து, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள். அந்த மரபணுவை எந்த மனிதரின் உடலிலிருந்தும் வெட்டி எடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. பாக்டீரியா அந்தக் கட்டளையைப் படித்துச் சங்கிலிகளை உருவாக்கியது; 1982இல் அது மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பெங்களூருவின் பயோகான் நிறுவனம் 2004இல் பிச்சியா என்ற ஈஸ்டைக் கொண்டு இதையே செய்தது. மூடிய எஃகுக் கலனுக்குள் அந்த நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. பிறகு அவை அழிக்கப்பட்டு, புரதம் மட்டும் பல கட்டங்களில் பிரித்துச் சுத்திகரிக்கப்படுகிறது. குப்பிக்குள் உயிருள்ள கிருமி இல்லை. உங்கள் அம்மாவின் கணையம் இளமையில் சுரந்த அதே புரதமோ, அதில் சிறு மாற்றங்கள் செய்து அமைத்ததோதான் இருக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் போடப்படும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும், அதாவது ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியும், இப்படி ஈஸ்டில் உருவாவதே.

இனி கத்தரிக்காய். பி.டி. கத்தரியில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு செடிக்குள்ளேயே இருக்கிறது. செடி தானே புழுக்கொல்லிப் புரதத்தை உண்டாக்குகிறது. அதை நாம் காயோடு உண்கிறோம். அது திறந்த வயலில் பூக்கிறது, தேனீ அதன் மகரந்தத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டு போகிறது, நீங்கள் அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைக்கும் விதைக்குள் அது நுழைய வாய்ப்பிருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பி.டி. மரபணுவைச் சேர்த்த நான்கு கத்தரி ரகங்களில் ஒன்று, நம் மதுரை வேளாண் கல்லூரி கள்ளம்பட்டி நாட்டுக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்த எம்.டி.யூ. 1 என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தபோது, சார்பற்ற சோதனைகள் போதாமையும் கத்தரியின் தாயகங்களில் ஒன்றாகிய இந்நாட்டின் ரகச் செல்வமும் காரணங்களில் இருந்தன. அதற்கு முன் ஏழு நகரங்களில் நடந்த மக்கள் கருத்துக் கேட்புகளில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் நடக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. மறுபக்கம், காய்ப்புழுவுக்குப் பயந்து அறுவடைக்கு முந்தின நாள்கூட மருந்தடிக்கும் தோட்டங்களையும் நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். வங்கதேசம் 2013இல் பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் தந்து பயிரிட்டும் வருகிறது. அங்கிருந்து வரும் அனுபவத்தை முன்முடிவின்றிப் படிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

முரண்பாடு இருக்கிறதா என்பது உங்கள் துண்டறிக்கையில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. 'மரபணுவைத் தொட்டாலே நஞ்சு' என்று எழுதியிருந்தால் முரண்பாடு இருக்கிறது. அந்த வாசகத்தைக் கைவிடுங்கள். 'இந்தப் பயிரைப் போதிய சோதனையின்றி வயலில் விடாதீர்கள், விதையை எங்கள் கையிலிருந்து பிடுங்காதீர்கள்' என்று எழுதியிருந்தால், அதே மனிதர் அம்மாவுக்கு இன்சுலின் போடுவதில் எந்த முரண்பாடும் இல்லை. கலனுக்குள் அடைபட்ட உயிரும் காற்றில் மகரந்தம் விடும் உயிரும் ஒரே கேள்விக்கு உட்பட்டவை அல்ல. உரிமை பற்றிய கேள்வியை மட்டும் மருந்திலும் விடாதீர்கள். பான்டிங்கும் நண்பர்களும் தங்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். இன்றோ புதுவகை இன்சுலின்களின் விலை பல குடும்பங்களை வாட்டுகிறது. பழைய வகை மனித இன்சுலின் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படுகிறது. அம்மாவுக்கு அது போதுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

நிறுத்தவே முடியாது என்ற பயத்துக்கு வருகிறேன். இன்சுலின் அடிமைப்படுத்தும் பொருள் அன்று. அறுவைச் சிகிச்சை, கடும் தொற்று போன்ற வேளைகளில் சில காலம் போட்டுவிட்டு மாத்திரைக்குத் திரும்பியவர்கள் உண்டு. நீண்ட நாள் நோயில் கணையத்தின் சுரப்பே குறைந்துவிடுவதால்தான் பலருக்கு அது தொடர்ந்து தேவைப்படுகிறது. ஊசியைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உயர்ந்த சர்க்கரை அவருடைய கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் அரித்துக்கொண்டிருக்கும். தயவுசெய்து இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.

பிரிக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்பதால், திருமங்கலத்தில் உறவினர் வீட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பிரித்த குப்பி வெயில் படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில் நம் ஊர் வீடுகளின் சூடு அதற்கு ஆகாது. பெரிய மண்பானையில் ஈர மணல் நிரப்பி, அதற்குள் சிறிய பானையைப் புதைத்து, தண்ணீர் புகாத டப்பாவில் குப்பியை இட்டு அதில் வையுங்கள். மணலை நாள்தோறும் நனையுங்கள். உறவினர் வீட்டிலும் குப்பி ஃப்ரீசருக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது.