ஜாவா புரியவில்லை என்று அழும் மகளுக்கு உங்கள் அளவு நோட்டைக் கொடுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூவில் கணினி அறிவியலில் நல்ல மதிப்பெண் எடுத்த மகள், பொறியியல் இரண்டாம் ஆண்டில் ஜாவா என்ற நிரல்மொழிப் பாடத்தின் முதல் உள்தேர்வில் தோற்றிருக்கிறாள். கிளாஸ், ஆப்ஜெக்ட் எதுவும் புரியவில்லை, இந்தப் படிப்புக்கே நான் லாயக்கில்லை என்று அழுகிறாள். வேறு துறைக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் அம்மா. இந்த ஒரு பாடத்தை வைத்து அந்த முடிவை எடுக்கவே வேண்டாம்.

அவள் தமிழ்வழியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியைப் படித்தபோதே இதைப் பார்த்திருக்கிறாள். அங்கே இதன் பெயர் இனக்குழு, பொருள். கல்லூரியில் அதுவே கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று பெயர் மாறி வந்ததும், முன்பின் தெரியாத ஒன்று என்று மிரண்டுவிட்டாள். என்னிடம் வரும் தமிழ்வழி மாணவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பழைய பாடநூல் பரணில் இருந்தால் எடுத்துக் கொடுங்கள்.

மற்றதற்கு உங்கள் தையல் கடையே போதும். நீங்கள் ஓர் அளவு நோட்டு வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், தோள், மார்பு, கை நீளம், கூலி, முன்பணம், பாக்கி என்று ஒரே வரிசையில் கட்டங்கள் இருக்கும். எழுதப்படாத பக்கத்தின் அந்த அமைப்புதான் கிளாஸ். ஒரு வாடிக்கையாளர் வந்து அளவு கொடுத்ததும் நிரம்புகிறதே ஒரு பக்கம், அது ஆப்ஜெக்ட். அமைப்பு ஒன்றுதான், தீபாவளிக்கு முன் நிரம்பிய பக்கங்கள் நூறு இருக்கலாம்.

கட்டங்களோடு சில வேலைகளும் அந்தப் பக்கத்தோடு சேர்ந்தே இருக்கின்றன. பணம் கொடுத்தால் பாக்கியைக் குறைப்பது ஒன்று, மீதி எவ்வளவு என்று சொல்வது இன்னொன்று. இவற்றை ஜாவாவில் மெத்தட் என்பார்கள். பெயரும் அளவும் இல்லாமல் நீங்கள் ஆர்டர் எடுப்பதில்லை அல்லவா? தொடக்கத்திலேயே அவற்றைக் கேட்டு வாங்கும் பகுதிக்குக் கன்ஸ்ட்ரக்டர் என்று பெயர், பாடநூலில் ஆக்கி. பாக்கித் தொகையை யாரும் அடித்துத் திருத்த விடமாட்டீர்கள், பணம் வரவானால்தான் அது மாறும். ஒரு கட்டத்தைப் பிரைவேட் என்று குறிப்பதன் நோக்கம் அதுதான்.

இனி வருவது உங்கள் மகளுக்கான பகுதி. சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

மகளே, நீ அனுப்பியிருந்த விடைத்தாளைப் பார்த்தேன். கண்ட இடத்திலெல்லாம் ஸ்டாடிக் என்று எழுதியிருக்கிறாய். ஏன் எழுதினாய் என்பதும் எனக்குத் தெரியும். ஜாவாவில் நிரல் ஓடத் தொடங்கும் மெயின் மெத்தட்டுக்கு வழக்கமாக ஸ்டாடிக் என்றே எழுதுகிறோம். அங்கிருந்து ஆப்ஜெக்ட்டை உருவாக்காமல் அதன் கட்டத்தைத் தொட்டால், நிரலைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் கம்பைலர் பிழை காட்டும். ஸ்டாடிக் சேர்த்ததும் பிழை மறைந்துவிடும். ஆனால் ஸ்டாடிக் என்றால் அந்தக் கட்டம் எந்த ஒரு பக்கத்துக்கும் சொந்தமில்லை, நோட்டு முழுவதற்கும் பொது. பாக்கியை ஸ்டாடிக் ஆக்கினால், ஒருவர் ஐநூறு ரூபாய் கட்டியதும் எல்லாருடைய பாக்கியும் ஐநூறு குறைந்துவிடும். அம்மாவின் கடை என்ன ஆகும் என்று நினைத்துப் பார். அந்தப் பிழைச் செய்தி உன்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: யாருடைய பாக்கி? நியூ என்று எழுதி ஒரு ஆப்ஜெக்ட்டை உருவாக்கு, அதன் பெயரைச் சொல்லிக் கேள். பதில் வரும்.

இன்னொன்றையும் கவனி. முதல் ஆர்டரை இரண்டாவது பெயருக்குச் சமம் என்று எழுதினால் புதிய பக்கம் பிறப்பதில்லை. ஒரே பக்கத்துக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். ஒன்றின் வழியாக மாற்றினால் மற்றதிலும் மாறியிருக்கும். காகிதத்தில் இரண்டு பெயர், ஒரு பெட்டி, இரண்டு அம்புக்குறி வரைந்து பார்த்துவிட்டுக் கணினிக்குப் போ.

கிளாஸ் என்ற கருத்து பிறந்ததே ஒரு தேவையால்தான். நார்வேயின் ஆஸ்லோ நகரில் 1960களில் கிறிஸ்டன் நிகார்டு, ஓலே யோஹான் டால் என்ற இரு கணினி அறிஞர்கள் நடைமுறை உலகத்தின் இயக்கத்தைக் கணினியில் நடத்திப் பார்க்க விரும்பினார்கள். அதற்காக உருவாக்கிய சிமுலா மொழியின் 1967ஆம் ஆண்டுப் பதிப்பில் கிளாஸும் ஆப்ஜெக்ட்டும் வந்தன. சிமுலாவைப் பயன்படுத்திப் பார்த்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் என்ற கணினி அறிஞர், 1979இல் சி மொழியோடு கிளாஸைச் சேர்க்கத் தொடங்கினார். நீ பள்ளியில் படித்த சி பிளஸ் பிளஸ் அப்படி வந்ததுதான். ஆனால் நம் வகுப்பறைகளில் தேவையைக் காட்டாமல் வரையறையை முதலில் எழுதிப் போடுகிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஆகவே முதலில் கிளாஸே இல்லாமல் இருபது ஆர்டர்களுக்கு நிரல் எழுது. பெயருக்கு ஒரு பட்டியல், கூலிக்கு ஒன்று, பாக்கிக்கு ஒன்று. நடுவில் ஒரு ஆர்டரை நீக்கிப் பார். ஒரு பட்டியலில் நீக்க மறந்தால் ஒருவருடைய பாக்கி இன்னொருவர் தலையில் விழும். அந்தச் சிரமத்தைப் பட்ட பிறகு அதையே கிளாஸ் வைத்து எழுது.

அம்மா, மறுபடியும் உங்களுக்கு. மூன்று வாரம், தினமும் ஒரு மணி நேரம் போதும். வேலை உறுதி என்று சொல்லிப் பெரும் பணம் கேட்கும் பயிற்சி மையத்தில் இப்போது சேர்க்காதீர்கள். நேர்முகத் தேர்வுக்குத் தயார்செய்யும் மாணவர்களிடம் நான் வரையறை கேட்பதில்லை, ஒரு நூலகத்தையோ கடையையோ கிளாஸ்களாகப் பிரித்துக் காட்டச் சொல்வேன். உங்கள் மகளுக்கு அந்தப் பயிற்சி வீட்டிலேயே கிடைக்கிறது. மூன்று வாரமும் உட்கார்ந்து எழுதிய பிறகும் அவளுக்கு இதில் மனம் ஒட்டவில்லை என்றால், அப்போது துறை மாற்றத்தைப் பற்றிப் பேசலாம். அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன்.

இருபது ஆர்டர்களும் சரியாக ஓடியதும் எனக்கு எழுதச் சொல்லுங்கள். ஜாக்கெட்டுக்கும் சுடிதாருக்கும் பொதுவான அளவுகள் எவை, தனித்தனியானவை எவை என்று உங்களிடம் கேட்டு ஒரு தாளில் குறித்து அனுப்பட்டும். பொதுவானதை ஒரு கிளாஸில் எழுதி மற்ற கிளாஸ்கள் அதைப் பெறுவதுதான் மரபுரிமம்; அந்தப் பாடத்தை அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன்.